மொறிஸ் மைனரை நாளாந்தக் காராக வைத்திருப்பது: யாழ்ப்பாணத்துக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் அவற்றில் பல இப்போது கலியாணத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் மட்டுமே வெளிக்கிடுகின்றன. மற்ற நாட்களில் கொட்டிலுக்குள் துணி போர்த்தியபடி நிற்கின்றன. எனக்கு இது மனவருத்தம் தரும் விசயம். இந்தக் கார் ஓடி ஓடிப் பழுதானதை விட நின்று நின்று பழுதானதுதான் அதிகம். நிற்கும் காரில் பிரேக் சிலிண்டருக்குள் கறள் பிடிக்கும், கார்பரேற்றருக்குள் பெற்றோல் காய்ந்து பிசினாகும், பற்றறி இறங்கும், ரப்பர் வெடிக்கும். கிழமையில் ஐந்து நாள் ஓடும் காரில் இவை மிகக் குறைவு.

அதனால் இந்த வழிகாட்டி, காரை வேலைக்கும் சந்தைக்கும் கொண்டுபோக விரும்புகிறவர்களுக்கு. காட்சிக்கு வைக்க விரும்புகிறவர்களுக்கு வேறு யாராவது எழுதட்டும். வேலைகளை ஒரு வரிசையில் தருகிறேன். முதலில் பிரேக் மிதித்தால் கார் நிற்க வேண்டும். அடுத்தது சொன்ன பக்கம் திரும்ப வேண்டும். பிறகு சூடேறாமல் ஓட வேண்டும், காலையில் மறுக்காமல் ஸ்ராட் ஆக வேண்டும். பெயின்றும் குரோமும் கடைசி. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயின்ற் அடித்து முடியக் காசும் முடிந்துவிடுகிறது, பிரேக் பழையபடியே கிடக்கிறது.

முதலில் எந்தக் கார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினியை உருவாக்கியவரும் அவர்தான். 1948 இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் கார் வெளிவந்தது. வெளிவருவதற்குச் சற்று முன்னர் அகலம் போதாது என்று நினைத்து மாதிரிக் காரை நெடுக்காக வெட்டி நாலு அங்குலம் கூட்டினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நாலு அங்குலம்தான். ஒரு மில்லியன் விற்ற முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது.

வாங்கப்போகிறவருக்கு முக்கியமானது எஞ்சின். 1948 முதல் வந்தது 918 சிசி பக்க வால்வு எஞ்சின். 1952 இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒரே நிறுவனமான பிறகு 803 சிசி ஏ சீரிஸ் வந்தது. 1956 இல் 948 சிசியும் ஒரே துண்டான வளைந்த முன்கண்ணாடியும் வந்தன. 1962 இல் 1098 சிசி. நாளாந்த ஓட்டத்துக்கு 948 அல்லது 1098 எடுங்கள். 803 நல்ல எஞ்சின்தான், ஆனால் ஏறத்தாழ 30 குதிரைவலுவோடு இன்றைய கண்டி வீதியில் பஸ்களுக்கு இடையில் ஓடுவது களைப்பு. 948 இல் 37, 1098 இல் 48 குதிரைவலு. 1098 இன் முன் பிரேக் டிரம்மும் பெரிது, ஏழு அங்குலத்துக்குப் பதிலாக எட்டு. என்னைக் கேட்டால் அந்த ஒரு அங்குலத்துக்காகவே 1098 எடுக்கலாம்.

ஏ சீரிஸ் எஞ்சின் ஒஸ்ரின் ஏ35, மினி எல்லாவற்றிலும் இருந்தது. 2000 ஆம் ஆண்டுவரை உற்பத்தியில் இருந்தது. அதனால் கஸ்கெற், பொயின்ற், வாட்டர் பம்ப் எதற்கும் பஞ்சமில்லை. எங்கள் ஊரில் அதிகம் ஓடிய ஏ40 சோமசெற்றின் எஞ்சின் வேறு குடும்பம். ஒஸ்ரின் சாமான் என்று யாரும் தந்தால் எந்த ஒஸ்ரின் என்று கேட்டு வாங்குங்கள்.

யாழ்ப்பாணத்துக் காருக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சினின் அமுக்கவிகிதம் குறைவு என்பதால் அது சாத்தியமானது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் உள்ள ஒயிலையும் தண்ணியாக்கும். அந்தக் காலத்தில் ஓடி, பிறகு எஞ்சின் திறக்கப்படாத கார் என்றால் கொம்பிரசன் சோதனை (பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளப்பது) செய்யாமல் விலை பேசாதீர்கள். நாலு சிலிண்டருக்கும் அளவு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால் அந்தத் துளைக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கள். அளவு ஏறினால் பிஸ்ரன் றிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு.

அடுத்தது கறள். மைனருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, உடலே சேசிஸ். எனவே கதவில் உள்ள கறள் காசுப் பிரச்சினை, அடியில் உள்ள கறள் உயிர்ப் பிரச்சினை. ஒரு ஸ்குறூ டிரைவரோடு காருக்குக் கீழே படுத்து, பின் ஸ்பிரிங் உடலோடு சேரும் இடம், ஜக் வைக்கும் இடம், முன் ஆசனத்துக்குக் கீழே குறுக்காகப் போகும் சட்டம், கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி ஆகியவற்றைக் குத்திப் பாருங்கள். தடிப்பாகத் தார் பூசியிருந்தால் அங்கே இன்னும் அழுத்திக் குத்துங்கள். விற்பவர் குத்த விடவில்லை என்றால் வேறு கார் பார்க்கலாம். தகட்டு வேலைக்குரிய பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டவை. 1990 களில் காலிப் பக்கத்தில் மைனரின் உடற்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். ஆகவே நல்ல தகடு கிடைக்கும், ஒட்டத் தெரிந்த கைதான் தேவை.

படி 1: பிரேக்

மைனரின் பிரேக்கில் இரண்டு விசயத்தை எப்போதும் மனதில் வைத்திருங்கள். நாலு சில்லுக்கும் ஒரே ஹைட்ரோலிக் குழாய்த்தொடர்தான். எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போய்விடும், கைப்பிரேக் மட்டும் மிஞ்சும். மற்றது, மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்ரர் சிலிண்டர் பொனற்றுக்குள் இல்லை. சாரதியின் காலுக்குக் கீழே, தளத்தின் அடியில் இருக்கிறது. கம்பளத்தை நீக்கி, தளத்தில் உள்ள மூடியைத் திறந்துதான் எண்ணெய் பார்க்க வேண்டும். கண்ணில் படாத இடம் என்பதால் பலர் வருடக்கணக்காகப் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை பாருங்கள். இறங்கியிருந்தால் ஊற்றியதோடு விட்டுவிடாதீர்கள், அது எங்கோ ஒழுகுகிறது. ஒவ்வொரு டிரம்மையும் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் மாற்ற வேண்டும்.

கார் வாங்கிய உடனே, பழையது நல்லதுபோலத் தெரிந்தாலும், மூன்று ரப்பர் ஹோசும் எல்லா வீல் சிலிண்டரும் புதிதாக்குங்கள். உலோகக் குழாயில் கறள் இருந்தால் செப்புக் கலவைக் குழாய் போடுங்கள். டொட் 4 பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். எங்கள் கடற்கரை ஈரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுவது அவசியம். மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றுவது பெரிய வேலை, அதன் ஆணிகளுக்குக் குறுக்கே முன் சஸ்பென்சனின் ரோர்சன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) போகிறது. அதனால் ஒருமுறை கழற்றினால் திருத்திப் பூட்டாமல் புதிதே போடுங்கள்.

மிதி தாழ்ந்தால் பெரும்பாலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் சூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். சரிசெய்வது அரை மணித்தியால வேலை. காரை ஜக்கில் உயர்த்தி, ஸ்ராண்டில் நிறுத்தி, சில்லைக் கழற்றுங்கள். டிரம்மின் முகத்தில் ஒரு துளை இருக்கும். டிரம்மைச் சுற்றி அந்தத் துளையை, இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்குறூவுக்கு நேரே கொண்டுவாருங்கள். வலப்பக்கமாக டிரம் இறுகும்வரை திருகி, பிறகு ஒரு பல் பின்னுக்கு விடுங்கள். டிரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்குறூ, பின்சில்லில் ஒன்று. முன்சில்லில் இரண்டாவதை மறந்துவிட்டுப் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்று கராஜுக்கு வருகிறவர்கள் நிறையப்பேர்.

படி 2: முன் சஸ்பென்சனும் கிறீசும்

மைனர் வைத்திருக்கிறவர் ஒரே ஒரு வேலைதான் ஒழுங்காகச் செய்வார் என்றால், அது கிறீஸ் அடிப்பதாக இருக்கட்டும்.

முன் சில்லுகள் திரும்பும் அச்சின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ரனியன் என்ற பாகம் இருக்கிறது. அச்சு அதற்குள் திருகுபுரியில் சுற்றுகிறது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் புரி தேய்ந்து, ஒரு நாள் கீழ் ரனியன் கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்து, காரின் மூலை தெருவில் விழும். பெரும்பாலும் இது மெதுவாக ஓடும்போது, ஸ்ரியறிங்கை முழுதாக ஒடிக்கும்போது நடக்கும். வேகமாகப் போகும்போது நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. காரின் வடிவமைப்பில் பிழை இல்லை. பராமரிப்புக் கைநூலிலேயே கிறீஸ் அடிக்க வேண்டிய கால அளவு இருக்கிறது, அதைப் பின்பற்றாததால் வரும் வினை.

நான் வைத்திருக்கும் கணக்கு 1,500 கிலோமீற்றர், அல்லது இரண்டு மாதம், எது முந்துகிறதோ அது. மாரிக்குப் பிறகு வெள்ளத்தில் ஓடியிருந்தால் உடனே. முறை இது: சில்லு தரையை விட்டு எழும்பும்படி ஜக் வையுங்கள். பாரம் இருந்தால் புரியின் ஒரு பக்கம் இறுகி நிற்கும், கிறீஸ் அங்கே போகாது. நிப்பிளைத் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் மணலையும் சேர்த்துத்தான் உள்ளே தள்ளுவீர்கள். கிறீஸ் துப்பாக்கியை அழுத்தியபடி, இன்னொருவரை ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடிக்கச் சொல்லுங்கள். பழைய கறுத்த கிறீஸ் வெளியே வந்து, புதியது தலைகாட்டும்வரை அடியுங்கள். ஒரு பக்கத்துக்கு மேலொன்று கீழொன்று. பிறகு ஸ்ரியறிங் முனைகள், புரொப்பெல்லர் சாஃப்ற்றின் இரண்டு மூட்டுகள். நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிப் புதிது போடுங்கள். அது மிகச் சின்ன காசு.

தேய்மானம் பார்க்க, சில்லு மேலே இருக்கும்போதே ரயருக்குக் கீழே ஒரு அலவாங்கைக் கொடுத்து மேலே நெம்புங்கள். மேலும் கீழுமாக ஆட்டம் தெரிந்தால் ரனியனையும் அதற்குள் போகும் பின்னையும் சோடியாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய புரி புதியதைத் தின்றுவிடும்.

குதிப்பை அடக்கும் முன் டாம்பரின் கைதான் சஸ்பென்சனின் மேல் இணைப்பும். அதற்குள் தனி எண்ணெய் உண்டு. மதகு தாண்டும்போது முன்பக்கம் இரண்டு மூன்று தரம் குதித்தால் அந்த எண்ணெய் இறங்கியிருக்கிறது.

ரயர் 145/80ஆர்14 ரேடியல் போடுங்கள். பழைய குறுக்கு நார் ரயருக்குரிய 22 பி.எஸ்.ஐ காற்று ரேடியலுக்குப் போதாது, 26 அளவில் வையுங்கள்.

படி 3: சூடேறாமல் வைத்திருத்தல்

எங்கள் ஊரில் மைனர் சூடேறுவதற்கு முதல் காரணம் வெயில் இல்லை. கிணற்றுத் தண்ணீர்தான். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சின் புளொக்கிலும் படியும். வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய எஞ்சினில் நாலாவது சிலிண்டருக்கு அருகே, புளொக்கின் பின்மூலையில், கறளும் சுண்ணாம்பும் சேர்ந்து சேறுபோல இறுகியிருக்கும். றேடியேற்றரை எத்தனை தரம் மாற்றினாலும் அந்தச் சேறு இருக்கும்வரை சூடு குறையாது.

அதைக் கழுவ இப்படிச் செய்யுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு றேடியேற்றரின் கீழ் ஹோசைக் கழற்றுங்கள். புளொக்கின் பின்பக்கத்தில் உள்ள வடிகுழாய் ஆணியையும் கழற்றுங்கள். அதிலிருந்து தண்ணீர் வராவிட்டால் அடைத்திருக்கிறது, ஒரு கம்பியால் குத்திக் கிளறுங்கள். தெர்மோஸ்ரற் வீட்டைத் திறந்து, தோட்டத்துக் குழாயை அங்கே வைத்து, பின் ஆணி வழியாகத் தெளிந்த நீர் வரும்வரை விடுங்கள். றேடியேற்றரைத் தனியாகக் கழற்றித் தலைகீழாக வைத்துக் கழுவுங்கள். பிறகு நிரப்புவதற்கு, வடித்த நீரும் கறள்தடுப்புக் கூலன்றும் கலந்தது. அது கிடைக்காத இடத்தில் பிடித்து வைத்த மழைநீர். மொத்தம் ஐந்தரை லீற்றர்தான் வேண்டும், கஞ்சத்தனம் வேண்டாம்.

தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது இங்கே பழைய வழக்கம். அதைச் செய்யாதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் நீரோட்டம் மாறும், பின் சிலிண்டர்களுக்குக் குளிர்ச்சி குறையும். 74 பாகையில் திறக்கும் தெர்மோஸ்ரற் எங்கள் வெப்பத்துக்குப் பொருந்தும். றேடியேற்றர் மூடியும் அந்தக் காருக்குரிய குறைந்த அழுத்த மூடியாக இருக்க வேண்டும். புதுக் கார்களின் மூடி போட்டால் பழைய றேடியேற்றரின் ஈயப் பற்றுகளை அழுத்தம் பிரித்துவிடும்.

பான் பெல்ற்றை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் தாழ வேண்டும். பெல்ற் வழுக்கினால் சூடும் ஏறும், டைனமோவும் சார்ஜ் பண்ணாது.

நண்பகலில் காரை நிறுத்திப் பத்து நிமிடத்தால் திரும்ப ஸ்ராட் பண்ண மறுத்தால், பெற்றோல் குழாய்க்குள் ஆவியாகியிருக்கலாம். பொனற்றைக் கொஞ்சம் திறந்து ஆற விடுங்கள். அடிக்கடி நடந்தால் கார்பரேற்றருக்கும் எக்ஸோஸ்ற்றுக்கும் இடையில் உள்ள வெப்பத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பல காரில் யாரோ எப்போதோ கழற்றியிருப்பார்கள்.

படி 4: காலையில் ஸ்ராட் ஆக

வால்வு, பொறி, பெற்றோல் என்று இந்த வரிசையில் போங்கள். வால்வு இடைவெளி சரியில்லாமல் கார்பரேற்றரைத் திருகுவதால் பயனில்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்க, ரப்பெற் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் இடையில் உள்ளது) 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். எளிய முறை ஒன்பதின் கணக்கு: முன்னிருந்து எண்ணும்போது எட்டாவது வால்வு முழுதாக அமுங்கியிருந்தால் முதலாவதைச் சரிசெய்யுங்கள். ஏழாவது அமுங்கியிருந்தால் இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றலாம். அளந்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள். இது வெறும் ஒழுக்கத்துக்காக இல்லை. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நின்றுவிட்டது. பழைய வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம் ஒரு காப்பாக இருந்தது. அது இல்லாமல் கடுமையாக ஓட்டினால் எக்ஸோஸ்ற் வால்வு இருக்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும், அப்போது ரப்பெற் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். கொப்பியில் அந்தக் குறைவு தெரிந்தால் அடுத்தமுறை எஞ்சின் தலையைத் திறக்கும்போது கடினமான இருக்கைகள் போடச் சொல்லுங்கள். ஊருக்குள் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவருக்கு அவசரம் இல்லை. பெற்றோல் ஒக்ரேன் 92 போதும்.

டிஸ்ரிபியூற்றருக்குள் உள்ள பொயின்றின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025 அங்குலம். பொறி வரும் ஒழுங்கு 1-3-4-2, றேடியேற்றர்ப் பக்கம் முதலாவது. டிஸ்ரிபியூற்றர் கை இடஞ்சுழியாகச் சுற்றும். திடீரென்று எஞ்சின் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் கொன்டென்சர்தான் காரணம். மலிவான புதிய கொன்டென்சர்கள் நம்பக்கூடியவை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழையதைக் காரணமில்லாமல் மாற்ற வேண்டாம்.

கார்பரேற்றர் எஸ்.யூ. இதைப் பற்றிப் பயப்பட எதுவும் இல்லை, இதைவிட எளிதான கார்பரேற்றர் கிடையாது. மேலே உள்ள கறுப்பு அல்லது பித்தளை மூடியைத் திருகி எடுத்து, உள்ளே எஞ்சின் ஒயில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஒயில் இல்லாவிட்டால் அக்சிலேற்றர் மிதித்ததும் எஞ்சின் தயங்கும். கலவை சரியா என்று பார்க்க, எஞ்சின் சூடான நிலையில் ஓடும்போது உள்ளே உள்ள பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றர் மட்டும் உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே ஓடினால் பெற்றோல் அதிகம். எஞ்சின் நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் கூடித் திரும்ப அமைந்தால் சரி.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பக்கத்தில் இருந்து டிக் டிக் என்று சில தரம் கேட்டு நிற்பது மின்சாரப் பெற்றோல் பம்ப். சத்தமே இல்லை என்றால் அதன் பொயின்ற் கரிந்திருக்கலாம், ஸ்குறூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டினால் வீடு வந்து சேரும்வரை ஓடும். நிற்காமல் டிக் டிக் என்றால் பெற்றோல் தீர்ந்திருக்கிறது, அல்லது எங்கோ காற்றிழுக்கிறது, அல்லது கார்பரேற்றர் நிரம்பி வழிகிறது. மூன்றாவதற்கு உடனே சாவியை நிறுத்துங்கள், கீழே சூடான எக்ஸோஸ்ற் இருக்கிறது.

படி 5: மின்சாரம்

மைனரில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். புதுக் கார்களில் எதிர்முனை. இது தெரியாமல் போன் சார்ஜரும் றேடியோவும் பூட்டினால் அவை எரிந்துவிடும், சில வேளை வயரிங்கும் சேர்ந்து எரியும். எதிர்முனைக்கு மாற்றுவது கடினமில்லை. பற்றறியைத் திருப்பி, கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றி, டைனமோவின் எஃப் முனைக்கு அதன் வயரைக் கழற்றிய பின் பற்றறியின் நேர்முனையிலிருந்து ஒரு வயரால் ஓரிரு முறை தொட்டுவிட வேண்டும். டைனமோ தன் காந்தப்புலத்தைப் புதிய திசையில் பிடித்துக்கொள்ளும். ஆனால் மாற்றியதை ஒரு பேப்பரில் எழுதிப் பொனற்றுக்குள் ஒட்டுங்கள். அடுத்துக் கை வைக்கிறவருக்கு அது தெரிய வேண்டும்.

இந்தக் காரில் இரண்டே இரண்டு பியூஸ்தான், ஹெட்லைற்றுக்கு அதுவும் இல்லை. ஹெட்லைற் வயரில் பியூசும் றிலேயும் போடுங்கள், பற்றறியில் ஒரு கட்-ஓஃப் சுவிச் வையுங்கள். டைனமோ முழு வேகத்தில் தருவதே ஏறத்தாழ 22 அம்பியர், கார் நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒன்றுமே தராது. இரவில் அதிகம் ஓடுகிறவர் ஒல்ரனேற்றர் போடுவது நியாயம். பகல் ஓட்டம் மட்டும் என்றால் டைனமோவே போதும், எனக்கு அதை மாற்ற விருப்பமில்லை.

படி 6: ஒயில்

20டபிள்யூ-50 கனிய ஒயில், 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, பில்ரரோடு. புதுக் காருக்கான தண்ணி ஒயில் வேண்டாம். பின் அச்சுக்கு ஈ.பி. 90. எஞ்சினின் பின்பக்கத்தில் இரவில் சில துளி ஒழுகுவது ஏ சீரிஸின் இயல்பு, அதற்காக எஞ்சின் இறக்க வேண்டாம்.

மாரியும் உப்பும்

ஐப்பசி தொடக்கம் மார்கழிவரை இங்கே கார் தண்ணீருக்குள்தான். டிரம்முக்குள் தண்ணீர் போனால் பிரேக் பிடிக்காது. வெள்ளத்தைத் தாண்டியதும் மெதுவாக ஓடியபடி இடக்காலால் பிரேக்கை இலேசாக அழுத்திச் சூடாக்கிக் காயவிடுங்கள். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் அடிக்கடி போகிறவர்கள், காற்று கடல்நீரை வீதிக்கு வீசும் நாட்களில், வீடு வந்ததும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பழைய எஞ்சின் ஒயிலை அடியில் விசிறுவது சிலரின் வழக்கம். அது ரப்பரைக் கெடுக்கும். கோடையில், நன்றாகக் காய்ந்த காருக்கு, பெட்டிப்பகுதிகளின் உள்ளே மெழுகு விசிறுங்கள். கதவின் அடியிலுள்ள வடிதுளைகள் திறந்திருக்கின்றனவா என்று மாரிக்கு முன் குத்திப் பாருங்கள்.

ஆயுதப் பெட்டி

நட்டுகள் எல்லாம் அங்குல அளவு. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீற்றர் ஸ்பானர் கிட்டத்தட்டப் பொருந்தும், அந்தக் கிட்டத்தட்டதான் மூலைகளை வழித்துவிடும். 7/16, 1/2, 9/16 மூன்றும் நல்லதாக வாங்குங்கள், வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். காரில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஓடுவதாகச் சோதித்துப் பார்த்த ஒரு பொயின்ற் செற்றும் கொன்டென்சரும், டிஸ்ரிபியூற்றர் கை, பான் பெல்ற், ஒரு முழம் பெற்றோல் ஹோஸ், கிளிப், இரண்டு லீற்றர் தண்ணீர், ஒரு ரோர்ச். முதலுதவிப் பெட்டியும் சின்னத் தீயணைப்பானும்.

ஓட்டம்

ஓடும்போது கியரை மோதாமல் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்கு இல்லை. கார் முழுதாக நின்ற பிறகே போடுங்கள். 60 முதல் 70 கிலோமீற்றர் வேகம்தான் இந்தக் கார் மகிழ்ந்து ஓடும் வேகம். அந்த வேகத்தில் லீற்றருக்கு 12 முதல் 14 கிலோமீற்றர் தரும். 2022 இல் கியூஆர் அட்டையோடு பெற்றோல் செற்றில் வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். முன்னால் போகும் வாகனத்துக்கு டிஸ்க் பிரேக் இருக்கிறது, உங்களுக்கு இல்லை, ஆகவே இடைவெளி இரட்டிப்பாக விடுங்கள். ஆட்டோக்காரர் அந்த இடைவெளிக்குள் புகுவார். புகட்டும், திரும்ப இடைவெளி விடுங்கள். முன் ஆசனங்களுக்கு இருக்கைப் பட்டி பூட்டுங்கள், இது நான் விட்டுக்கொடுக்காத ஒரே மாற்றம்.

மற்றபடி இந்தக் காரை அனுபவிக்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. முன்கதவின் முக்கோணக் கண்ணாடியை உள்ளே திருப்பிவிட்டால் ஏசி இல்லாமலே நெஞ்சில் காற்று படும். ஸ்ரியறிங் இலேசு, தெரு விரலுக்குள் தெரியும். அக்சிலேற்றரை விட்டதும் எக்ஸோஸ்ற் தரும் அந்த விட்டுவிட்ட பர்ர் சத்தத்துக்காகவே முடக்குகளைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு, நானும் அதில் சேர்த்தி. பருத்தித்துறைக்குப் போகிறவர்கள் வல்லை வெளியில் சோளகம் வீசும்போது இரண்டு கையாலும் பிடியுங்கள். ரேடியல் ரயரோடு கூட பக்கக்காற்று காரைத் தள்ளும்.

சமநிலத்தில் பழகிய காரைக் கண்டிக்குக் கொண்டுபோக ஆசை வரும். தாராளமாகப் போகலாம், முதல் நாள் கிறீசும் பிரேக் எண்ணெயும் றேடியேற்றரும் பார்த்துவிட்டு. வவுனியா, தம்புள்ளைவரை பிரச்சினை இல்லை. மாத்தளையை அண்டியதும் ஏற்றம் தொடங்கும், அங்கே நாலாம் கியரில் எஞ்சினை முக்க விடாமல் மூன்றாவதுக்கு, தேவையென்றால் இரண்டாவதுக்கு முன்கூட்டியே மாற்றுங்கள். திரும்பி இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். டிரம் சூடேறினால் மிதி இறுக்கமாக இருக்கும், கார் நிற்காது. எரிந்த மணம் வந்தால் ஓரத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடிக்கும்.